துன் மரத்தில் சிவப்பு பெயின்ட்

குழு: மேல்மலை உறவுகள்

வியாழன்

சிவா (காலை 6.12): எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு தாத்தாவின் கருமாதி. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று இன்றைக்கே சொல்லுங்கள், அரிசி வாங்க வேண்டும்.

சிவா: இன்னொரு விஷயம். முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் நிற்கும் துன் மரத்தில் யாரோ சிவப்பு பெயின்டால் வட்டம் போட்டிருக்கிறார்கள். வெட்டப் போவதாகப் பேச்சு. [படம்]

பெரியம்மா (கொழும்பு): நாங்கள் நான்கு பேர். சனி இரவு வந்துவிடுவோம்.

கண்ணன் மாமா: எந்த மரம்? தோட்டத்தில் நட்ட டர்பன்டைன் மரமா?

சிவா: இல்லை மாமா. காட்டு மரம். தாத்தா பிசின் எடுப்பாரே, அது.

சரசு பாட்டி (கோத்தகிரி): அந்த மரமா!

சரசு பாட்டி: காய்ந்த பிசினை அண்ணன் சுரண்டி வந்து வெள்ளிக்கிழமை தணலில் போடுவார். லயத்து வரிசை வீடுகள் முழுக்க மணக்கும். தலைமன்னாரில் நாங்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோதும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

சரசு பாட்டி: அண்ணன் போன செய்தி எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. மரத்தையாவது முன்கூட்டிச் சொன்னீர்கள்.

பெரியம்மா: அத்தை, அன்றைக்கு யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

கண்ணன் மாமா: வான் வண்டி சனி மூன்று மணிக்கு ஹட்டன் ஸ்டேஷனில் நிற்கும்.

தவம் சித்தப்பா: பிள்ளைகளே, பொறுமையாகப் படியுங்கள். அது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட மரமில்லை. சிங்களத்தில் ரத்து துன். குங்கிலிய மரத்தின் இனம். அதனால்தான் அந்தப் பிசின், அந்த மணம். தாவரவியலில் ஷோரியா கார்ட்னெரி. 1844 முதல் 1849 வரை பேராதனைப் பூங்காவுக்குப் பொறுப்பாக இருந்த கார்ட்னரின் பெயர் அது. அவர் நுவரெலியாவில்தான் இறந்தார். எப்போதும் பச்சையாகவே நிற்கும் மரம். உலகத்தில் இலங்கையை விட்டால் வேறெங்கும் இயற்கையாக இல்லை. இலங்கையிலும் நம் சிவனொளிபாதமலைக் காடுதான் அதற்குப் பெரிய வீடு. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காடு. முதலில் கோப்பிக்காக மலைகளை மொட்டையடித்தார்கள். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. கோப்பி போனது, ஆனால் காடு திரும்பவில்லை. அதே மண்ணில் தேயிலை ஏறியது. துரை சொன்னார், நம் கொள்ளுத்தாத்தா வெட்டினார். அதையும் மறைக்க வேண்டாம். 1873இல் லண்டன் கியூ பூங்காவின் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டையாவது தொடாதீர்கள் என்று வற்புறுத்தினார். நம் மரம் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறது. இத்தனை ஆண்டும் முனியாண்டிக்குப் பயந்துதான் அதை விட்டுவைத்திருக்கிறார்கள்.

கண்ணன் மாமா: மச்சான், படித்தேன். லயத்தின் மேல் விழுந்தால் யார் பொறுப்பு? போன மழையில் மண் சரிந்தது மறந்துவிட்டதா? உங்கள் வீடு ஹட்டனில். சிவாவின் வீடு மரத்துக்குக் கீழே.

சிவா: கீழே 12 குடும்பங்கள் இருக்கின்றன. மழை இரவுகளில் எனக்கும் பயம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் மரம் நேராக நிற்கிறது. ஒரு கிளை மட்டும் காய்ந்து லயத்தின் பக்கம் தொங்குகிறது.

தவம் சித்தப்பா: அந்தக் கிளையை மட்டும் இறக்கலாமே! அந்தச் சரிவில் மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதே அதன் வேர்.

பெரியம்மா: எதற்கு வம்பு? வெட்டட்டும். மாமனார் பெயரில் பத்து மரம் நடுவோம். கருமாதியன்றே நடலாம்.

நிரோஷா (பேராதனை): பெரியம்மா, பத்துக் கன்றுக்கு எங்கே போவது? துன் விதை நெல் மாதிரி மூட்டை கட்டி வைக்கிற விதையில்லை. காய்ந்தால் செத்துவிடும். விழுந்த கையோடு ஈரமண்ணில் முளைக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் நிறையக் காய்ப்பதுமில்லை. முளைத்தாலும் வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை அந்தக் காட்டு மண்ணில் இருக்க வேண்டும், தலைக்கு மேல் நிழல் வேண்டும். வெட்டவெளியில் நட்டால் கருகிவிடும். தாய்மரம் நிற்கும் இடம்தான் அதற்கு நாற்றுமேடை. அதை வெட்டிவிட்டு எதை நடுவது?

பெரியம்மா: எனக்கு இது தெரியாது மகள்.

சிவா: மரத்தடியில் சாண் உயரத்தில் ஏழெட்டுக் கன்றுகள் இருந்தன. போன வாரம் ஆடு மேய்ந்துவிட்டது.

கண்ணன் மாமா: யார் வீட்டு ஆடு?

சிவா: கோமதி சித்தி வீட்டு ஆடு.

கண்ணன் மாமா: நான் என் தங்கச்சியிடம் பேசி இரண்டு வருடம் ஆகிறது. நீயே சொல்லிவிடு.

நிரோஷா: மிச்சம் எத்தனை அண்ணா?

சிவா: மூன்று.

நிரோஷா: அவற்றைச் சுற்றி இன்றைக்கே வேலி போடுங்கள். தயவுசெய்து பிடுங்கி நடவேண்டாம்.

சிவா: தேயிலைக் கவ்வாத்தில் வெட்டிய மிலாறுக் குச்சி கிடக்கிறது. அதை ஊன்றிக் கட்டுகிறேன்.

தவம் சித்தப்பா: நான் கடிதம் எழுதுகிறேன். கோயில் கமிட்டியும் தோட்டத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். காய்ந்த கிளையை இறக்குங்கள், மரத்தை விடுங்கள் என்று.

பெரியம்மா: தம்பி, போன தடவை கமிட்டிக்கு நீங்கள் எழுதிய கடிதத்தால் உங்கள் அண்ணன் ஆறு மாதம் உங்களோடு பேசவில்லை.

தவம் சித்தப்பா: அது உண்டியல் கணக்கு, அண்ணி. இது அப்பாவின் மரம்.

பெரியம்மா: அவரிடம் காட்டினேன். "எழுதட்டும், முதலில் நான் பார்க்கிறேன்" என்கிறார்.

கண்ணன் மாமா: யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள்? பெயின்ட் போட்டது யார் என்றே தெரியாதே.

சிவா: அலுவலகத்தில் கேட்டேன். தங்களுக்குத் தெரியாது என்றார்கள்.

கண்ணன் மாமா: ஞாயிறு எல்லோரும் இருக்கும்போது பேசுவோம். அதற்குள் மரம் அறுக்கும் வாளோடு யாராவது வந்தால் எனக்குப் போன் எடு. எந்த நேரமானாலும்.

பெரியம்மா: சிவா, வடைக்கு உளுந்து நான் கொண்டுவருகிறேன். நீ வாங்காதே.

சரசு பாட்டி: சிவா, அண்ணன் பெட்டியில் பிசின் ஏதாவது இருக்கிறதா?

சிவா: இரண்டு கட்டி இருக்கிறது பாட்டி. ஒன்றை ஞாயிறு முனியாண்டிக்குப் போடுகிறோம். மற்றது உங்களுக்கு. யார் கையில் கொடுத்தனுப்புவது?

பெரியம்மா: தை மாதம் திருச்சிக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. அத்தை, கோத்தகிரிக்கு அங்கிருந்து எத்தனை மணி நேரம்?