சிறிய கழகத்தின் கால்பந்து ஆட்டம்: எழுபது வயது அப்பாவை லண்டனில் எங்கே அழைத்துப் போகலாம்?

குரோய்டன்வாசி (கேள்வி):

வணக்கம். சென்னையிலிருந்து என் அப்பா இரண்டு மாதம் எங்களோடு தங்க வந்திருக்கிறார். வயது 71. வியாசர்பாடியில் வளர்ந்தவர், கால்பந்து என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவார். பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்றைக் காட்டலாம் என்று விசாரித்தேன். முதலில் உறுப்பினர் கட்டணம், பிறகு டிக்கெட் கிடைக்குமா என்ற காத்திருப்பு, கிடைத்தால் மூன்று பேருக்கான விலை என எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். அலுவலகத்தில் ஒருவர், “நான்-லீக் கழகம் ஒன்றின் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள்” என்று கூறி, டல்விச் ஹாம்லெட் என்ற பெயரையும் சொன்னார்.

அப்பாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் இரண்டு மணி நேரம் நிற்க முடியாது. அங்கே உட்கார இடம் இருக்குமா? ஒன்பது வயது மகனும் வருகிறான். குடித்துவிட்டுக் கத்தும் கூட்டம் என்றால் வேண்டாம். ஆட்டமாவது பார்க்கும்படி இருக்குமா என்பதும் தெரிய வேண்டும், ஏனெனில் ஆட்டம் சொதப்பலாக இருந்தால் அப்பா பாதியிலேயே எழுந்துவிடுவார்.

தென்லண்டன் கிழவன்:

தம்பி, நான் யாழ்ப்பாணத்தான். இருபது வருடங்களுக்கு மேலாக இந்தப் பக்கத்தில் வசிக்கிறேன். டல்விச்சின் சாம்பியன் ஹில் மைதானத்துக்கு வருடத்தில் ஏழெட்டுத் தடவையாவது போய்விடுவேன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். இங்கிலாந்தில் லீகுகள் ஒன்றன் கீழ் ஒன்றாகப் படிகளாய் அடுக்கப்பட்டிருக்கும். மேலே உள்ள நான்கு படிகளில் 92 கழகங்கள் இருக்கின்றன; ஐந்தாம் படியிலிருந்து கீழே உள்ள எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர்தான் நான்-லீக். லீக் இல்லாமல் ஆடுகிறார்கள் என்று அதற்குப் பொருள் அல்ல. டல்விச் 2023இல் ஆறாம் படியிலிருந்து ஏழாம் படிக்கு, அதாவது 1905இல் தொடங்கிய இஸ்த்மியன் லீக்குக்கு, இறங்கியது. கழகம் பிறந்தது 1893இல். சீருடை இளஞ்சிவப்பும் நீலமும். மைதானத்துக்குப் போகும் பாதைக்கு எட்கர் கெயில் என்ற பழைய வீரரின் பெயரை வைத்திருக்கிறார்கள். சம்பளம் வாங்காமல் இதே கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்தவர், 1929இல் இங்கிலாந்து அணியில் இடம் பெற்று, பிரான்சுக்கு எதிரான தம் முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல் போட்டார். உங்கள் தகப்பனாருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள், நிச்சயம் பிடிக்கும்.

இருக்கைக்குக் கவலை வேண்டாம். கூரையுள்ள பிரதான ஸ்டாண்டில் ஆசனங்கள் உண்டு. ஆட்டம் மூன்று மணிக்கு என்றால் இரண்டேகாலுக்கே உள்ளே போய் அவருக்கு ஓர் இடம் பிடித்துவிடுங்கள். லண்டன் பிரிட்ஜிலிருந்து கிழக்கு டல்விச் நிலையம் கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். அங்கிருந்து ஐந்து நிமிட நடைதான், ஆனால் ஏற்றம்; முழங்காலுக்காகச் சொல்கிறேன். பெரிய செயின்ஸ்பரிஸ் கடை ஒன்று தெரியும், மைதானம் அதை ஒட்டியே இருக்கிறது.

குடி பற்றிக் கேட்டீர்கள். மேல் ஐந்து படிகளின் ஆட்டங்களில் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்த 1985ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. அதற்குக் கீழே அந்தத் தடை இல்லாததால், கையில் பியர்க் கோப்பையோடு கம்பியில் சாய்ந்து நிற்பவர்களை நீங்கள் காணத்தான் செய்வீர்கள். ஆனாலும் இத்தனை வருடத்தில் நான் அங்கே ஒரு கைகலப்பைக் கண்டதில்லை. இரு தரப்பு ரசிகர்களையும் பிரித்து வைக்கும் வேலி கிடையாது. இடைவேளையில் இரு கூட்டமும் இடம் மாறி, தங்கள் அணி தாக்கப்போகும் கோலுக்குப் பின்னால் போய் நிற்கும்போது ஒருவரையொருவர் கடந்துதான் போவார்கள். மகனைக் கோல் பின்புறத்துக்கு அழைத்துப் போங்கள். பாட்டுகளில் சில கெட்ட வார்த்தைகள் வரும், அதற்கு மட்டும் ஆயத்தமாக இருங்கள்.

இந்த மைதானம் ஒருமுறை கைவிட்டுப் போகப் பார்த்தது. நில உரிமையில் எழுந்த தகராறால் 2018 மார்ச்சில் கழகம் வெளியேற்றப்பட்டு, டூட்டிங் அண்ட் மிட்சம் கழகத்தின் மைதானத்தில் ஒண்டிக் குடித்தனம் நடத்திவிட்டு அந்த டிசம்பரில்தான் திரும்பியது. அதே 2018இல், ஃபிஃபாவில் இல்லாத அணிகளுக்கான கோனிஃபா உலகக் கிண்ணம் புரொம்லி, என்ஃபீல்ட் போன்ற நான்-லீக் மைதானங்களில் நடந்தது. தமிழீழ அணியும் அதில் ஆடியது. உதைபந்தாட்டத்தைப் பார்க்க இப்படிப்பட்ட மைதானங்களுக்கு எம்மவர் பலர் முதன்முதலில் நுழைந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

கடைசிப்படி:

பெரியவர் சொன்ன விவரங்களில் பிழை ஏதும் இல்லை. ஆனால் முதல் அனுபவத்துக்கு டல்விச்சைப் பரிந்துரைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது இப்போது பெயர் பெற்றுவிட்ட இடம். நல்ல வெயில் நாளில் ஆயிரக்கணக்கில் கூட்டம் வருகிறது, உணவுக்கும் பியருக்கும் நீண்ட வரிசை நிற்கிறது, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிப் பேசிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் அப்பா ஆட்டத்தைப் பார்க்க வருகிறவர். அவரை ஒன்பதாம் படிக்கு அழைத்துப் போங்கள். உங்கள் பக்கத்தில் சதர்ன் கவுண்டீஸ் ஈஸ்ட், கம்பைன்ட் கவுண்டீஸ் என்று இரண்டு லீகுகள் இருக்கின்றன. அந்தப் படிக்கும் கூரையின் கீழ் இருக்கைகள் வேண்டும் என்று விதி இருப்பதால் முழங்கால் தப்பித்துவிடும். நூறு பேர் வந்தாலே அங்கே நல்ல கூட்டம்.

ஆட்டத் தரம் பற்றி நேர்மையாகச் சொல்வதானால், பந்தை நிறுத்தும் முதல் தொடுதலில்தான் வித்தியாசம் தெரியும். தொலைக்காட்சியில் காலோடு ஒட்டிக்கொள்ளும் பந்து இங்கே இரண்டடி தள்ளிப் போகும். அந்த இரண்டடிக்காக இருவர் மோதுவார்கள். அந்த மோதலின் சத்தம் உங்களுக்குக் கேட்கும். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்து ஆடுகிறவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், அவர்கள் ஓடும் ஓட்டம் மலைக்க வைக்கும்.

ஒரு முன்னெச்சரிக்கையும் உண்டு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மழை பெய்தால் ஆட்டம் நடக்கும் என்று நம்பி வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். அன்று காலையில் நடுவர் வந்து தரையைப் பார்ப்பார். தண்ணீர் நின்றால் ஆட்டம் தள்ளிப்போகும். கழகத்தின் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்த பிறகே புறப்படுங்கள்.

ஷெஃபீல்ட் மாணவி:

ஐயாவை ஒரு நாள் வடக்கேயும் அழைத்து வர முடியுமானால், ஷெஃபீல்ட் நகரின் சாண்டிகேட் மைதானத்தைக் காட்டுங்கள். 1860 டிசம்பர் 26 அன்று ஹாலம் கழகமும் ஷெஃபீல்ட் கழகமும் அங்கே மோதின. ஹாலம் இன்றும் அதே இடத்தில்தான் ஆடுகிறது. உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம் என்று கின்னஸ் அதைப் பதிவு செய்திருக்கிறது. ஆடுகளம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். மேட்டுப் பக்கத்தில் நின்றால், உருண்டு போகும் பந்து தானாக எதிர்ப்பக்கம் ஒதுங்குவதைப் பார்க்கலாம். உள்ளூர் அணிக்கு அந்தச் சரிவு மனப்பாடம், வந்தவர்கள்தான் பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

குரோய்டன்வாசி:

மூவருக்கும் நன்றி. டல்விச்சுக்குப் போவதென்று முடிவு செய்திருந்த சனிக்கிழமை விடிய விடிய மழை. காலை பத்தரைக்கே ஆட்டம் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். எச்சரிக்கை இல்லாமல் இருந்திருந்தால் மூன்று பேரும் ரயிலில் இருந்திருப்போம். எனவே செவ்வாய் இரவு 7.45க்கு வீட்டுக்கு அருகிலுள்ள ஒன்பதாம் படிக் கழகம் ஒன்றின் ஆட்டத்துக்குப் போனோம்.

எண்ணிப் பார்த்தேன், எங்களையும் சேர்த்து எண்பத்தேழு பேர். அப்பாவுக்குக் கிடைத்த இருக்கை உள்ளூர் அணியின் பயிற்சியாளர் நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால் அமைந்துவிட்டது. முதல் பத்து நிமிடம், “பந்தைத் தரையில் வைத்து ஆடத் தெரியவில்லையே” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு இடது பின்கள வீரர் ஒவ்வொரு முறையும் எல்லைக்கோட்டை ஒட்டியே நிற்கிறார் என்பதையும், நடுவில் பெரிய ஓட்டை விழுகிறது என்பதையும் கண்டுபிடித்து, எனக்கு விரலால் வரைந்து காட்டத் தொடங்கினார். முப்பத்தெட்டாம் நிமிடத்தில் அதே ஓட்டை வழியாகத்தான் கோல் விழுந்தது. பயிற்சியாளர் தண்ணீர்ப் போத்தலைத் தரையில் அடித்து, அந்த வீரரைப் பெயர் சொல்லி அழைத்து, ஒரு நிமிடம் போலத் திட்டித் தீர்த்தார்.

இடைவேளையில் கோலுக்குப் பின்னால் போகலாம் என்று மகன் இழுத்தும் அப்பா அசையவில்லை. அந்தப் பயிற்சியாளர் என்ன சொன்னார் என்று வரி வரியாகத் தமிழில் சொல்லும்படி பேரனைப் பிடித்துக்கொண்டார். “தாத்தா, அதில் ‘நீ உள்ளே வந்து நில்’ என்பது மட்டும்தான் சொல்லக்கூடிய வார்த்தை” என்றான் அவன். “அதைத்தானேடா நானும் சொன்னேன்” என்று அப்பா சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தார்.

டல்விச்சுக்கு வரும் சனிக்கிழமை போகிறோம். பெரியவருக்கு ஒரு கேள்வி: அங்கேயும் பயிற்சியாளர்களின் குரல் கேட்கும் இருக்கை எந்தப் பக்கம்?