ஒரே ‘செட்’, எத்தனை அர்த்தம்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆங்கில ஆசிரியை, திண்டுக்கல்

போன வாரம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தான். “மிஸ், செட்டுன்னு பார்த்தா பக்கம் பக்கமா போகுது. இதுல எதை நோட்டுல எழுத?” நியாயமான கேள்வி. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் இந்த ஒரு வினைச்சொல்லுக்கு ஏறக்குறைய 430 பொருள்கள் உண்டு. விளக்கம் மட்டும் 60,000 சொற்கள் போகும். பின்னால் ‘ரன்’ 645 பொருள்களோடு அதை முந்திவிட்டது. ‘ரன்’னைத் தொகுத்து முடிக்க அகராதி ஆசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் ஆனது.

பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வேலையிலோ வீட்டிலோ இந்தச் சொல்லால் குழப்பம் வந்திருந்தால் எழுதுங்கள். வகுப்பில் அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன்.

கட்டட மேற்பார்வையாளர், ஓசூர்

எங்கள் சைட்டில் நடந்தது. படிப்பு முடித்து வந்த புதுப் பையன், காலையில் மாடியேறி ஸ்லாபைத் தட்டிப் பார்த்துவிட்டு, “கான்கிரீட் செட் ஆயிடுச்சு, முட்டு எடுத்துடலாமா?” என்றான். முந்தின நாள் சாயங்காலம் போட்டது. மேஸ்திரி கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். “செட் ஆச்சுன்னா கால் பதியாது தம்பி, அவ்வளவுதான். பாரம் தாங்கும்னு யார் சொன்னது?”

அவர் சொன்னதுதான் சரி. சிமெண்டுத் துறையில் செட் என்றால் குழைவு போய் இறுகுவது. சாதாரண சிமெண்ட் 30 நிமிடத்துக்கு முன்னால் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தர விதி. ஆய்வகத்தில் சிமெண்ட் குழம்பில் ஊசியை இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்பார்கள். இறுகி முடிந்த பிறகுதான் பலம் ஏறத் தொடங்கும். 28 நாள் ஆனபின் மாதிரிக் கான்கிரீட் கட்டியை உடைத்துச் சோதிப்பார்கள். நாலரை மீட்டர் அகலம் வரையுள்ள ஸ்லாபுக்கே முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் போனால் 14 நாள். பையனுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. ‘செட்’ என்ற சொல் காதுக்கு ‘வேலை முடிந்தது’ என்று கேட்கிறது. எங்கள் தொழிலில் ஆபத்தான சொல் இது.

தகவல் தொழில்நுட்ப ஊழியர், சென்னை

எங்கள் டீமில் ஒருத்தர் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மெயில் போட்டார். ‘இந்த நேரம் எங்களுக்கு செட் ஆகாது’ என்பதைத்தான் ஆங்கிலத்தில் எழுதினார். அங்கே அது ‘நேரம் இன்னும் முடிவாகவில்லை’ என்று போய்ச் சேர்ந்தது. ‘சரி, முடிவு செய்துவிடுகிறோம்’ என்று அதே நேரத்தையே உறுதி செய்து அனுப்பிவிட்டார்கள். ராத்திரி பதினோரு மணி மீட்டிங். ‘ஒத்துவராது’ என்ற அர்த்தத்தில் செட் ஆகாது என்பது நம் ஊர்ப் பேச்சு. ஜாதகம் செட் ஆகலை, மாப்பிள்ளை செட் ஆகலை என்பதெல்லாம் நம்மோடு சரி.

செவிலியர், தஞ்சாவூர்

“செட் எடு” என்று சொன்னால் எங்கள் வார்டில் உடனே “எந்த செட்?” என்று திருப்பிக் கேட்கணும். நரம்பில் மருந்து ஏற்றும் குழாய்தான் ஐ.வி. செட். சாதாரண ஐ.வி. செட்டில் பொதுவாக ஒரு மில்லிக்கு 20 சொட்டு, குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60. மணிக்கு 100 மில்லி போகணும் என்றால் முதலாவதில் நிமிடத்துக்கு 33 சொட்டு, இரண்டாவதில் 100. ஒரு கணக்கை வைத்துக்கொண்டு மற்ற செட்டில் ஓடவிட்டால் மருந்து மூன்று மடங்காகவோ மூன்றில் ஒரு பங்காகவோ போகும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் உறையில் அச்சிட்ட எண்ணைச் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். சில பேர் சலித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

ஓர் அம்மா, லண்டன்

நான் யாழ்ப்பாணத்தில படிச்சனான். கணக்குப் பாடத்தில செட்டுக்கு எங்களுக்குத் ‘தொடை’ எண்டுதான் பேர். தமிழ்நாட்டில ‘கணம்’ எண்டு சொல்லுவினம். அதால மகளின்ர பள்ளிக்கூடத்தில இருந்து வந்த கடிதத்தில ‘கணக்கு: செட் 4’ எண்டு கண்டவுடன என்ர மனுசன், “நாலாவது பாடம் தொடங்கீட்டினம் போல” எண்டார். பக்கத்து வீட்டு அக்காதான் விளங்கப்படுத்தினவ: இங்க கெட்டித்தனத்தைப் பார்த்துப் பிள்ளையளைப் பிரிக்கிற வகுப்புக்குத்தான் செட் எண்டு பேர். ஒண்டு மேல. மகளின்ர பள்ளிக்கூடத்தில நாலுதான் கடைசி.

இது சின்ன விசயமில்லை. பதினாறு வயசில எழுதுற ஜி.சி.எஸ்.இ. கணக்குச் சோதினை ரெண்டு மட்டத்தில இருக்கு. மேல் மட்டம் எழுதினா ஆகக்கூடின தரமான 9 வரை எடுக்கலாம். அடிப்படை மட்டம் எழுதினா எவ்வளவு கெட்டியா எழுதினாலும் 5க்கு மேல இல்லை. கீழ் செட்டில இருக்கிற பிள்ளையை அடிப்படை மட்டத்துக்குத்தான் கூடுதலா விடுவினம். கடிதத்தில இதொண்டும் இல்லை. அதே கடிதத்தில ‘வீட்டுப்பாடம் செட் பண்ணியிருக்கு’ எண்டா குடுத்திருக்கு எண்டு அர்த்தம். ஆங்கிலப் பாடத்தில ‘செட் டெக்ஸ்ட்’ எண்டா சோதினைக்கு எண்டு குறிச்ச புத்தகம். ஒரு தாளில மூண்டு செட்!

பெற்றார் சந்திப்பில நான் ரெண்டு கேள்விதான் கேட்டனான். எந்தச் சோதினையை வச்சு செட் மாத்துறீங்கள்? அடுத்தது எப்ப? ஆசிரியர் நல்ல மாதிரிப் பதில் சொன்னவர், பயிற்சித் தாள்களும் தந்தவர். அடுத்த வருசம் பிள்ளை ரெண்டாம் செட்டுக்கு வந்திட்டா. புதுசா வந்திருக்கிற தமிழ்ச் சனம் தயவுசெய்து வெக்கப்படாமக் கேளுங்கோ. எங்கட பிள்ளையள் மொழி விளங்காததாலதான் கன பேர் கீழ நிக்கினம், கணக்குத் தெரியாமலில்லை.

கைப்பந்து பயிற்சியாளர், தூத்துக்குடி

25 புள்ளிக்கு ஒரு செட். ரெண்டுக்கு ரெண்டு ஆனால் ஐந்தாவது செட் 15 புள்ளி. அடிக்க வாகாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பதும் செட். “செட் போச்சு” என்று நான் கத்தினால் ஆட்டமா, பந்தா என்று பையன்களுக்குத் தானாகத் தெரியும்.

ஆங்கில ஆசிரியை, திண்டுக்கல்

லண்டன் அம்மா, உங்கள் பதிவைத்தான் முதலில் வாசிப்பேன். மிக்க நன்றி.

எல்லாவற்றையும் படித்தபின் ஒன்று தோன்றுகிறது. இந்த வினைச்சொல் பழைய ஆங்கிலத்தில் ‘உட்கார வை’ என்ற பொருளில் தொடங்கியது. நம் ‘வை’யை எடுத்துக்கொள்ளுங்கள்: தீ வைக்கிறோம், பொறி வைக்கிறோம், அலாரம் வைக்கிறோம், பரீட்சை வைக்கிறோம், விலை வைக்கிறோம். இத்தனையும் ஆங்கிலத்தில் செட்தான். ஓசூர் நண்பர் சொன்ன சிமெண்டும் வீட்டுத் தயிரும் தாமாக நிலைகொள்கிற வகை. நாம் இறுகுது, உறையுது என்கிறோம். ஆனால் கூட்டம், தொகுப்பு என்ற பெயர்ச்சொல் வேறு வழியில் வந்தது: லத்தீனில் பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறித்த சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, இதோடு ஒட்டிக்கொண்டது. ஒரே உச்சரிப்பில் இரண்டு குடும்பம். கணக்கு செட்டும் பள்ளி செட்டும் ஐ.வி. செட்டும் இந்த இரண்டாவது வீடு.

பையனுக்கு இப்படித்தான் சொல்லப் போகிறேன்: யாராவது எதையாவது வைக்கிறார்களா, ஏதாவது தானாக நிலைகொள்கிறதா, இல்லை சேர்ந்து இருப்பவற்றின் பெயரா என்று முதலில் பார். ‘இன்’, ‘ஆஃப்’, ‘அப்’ என்று பின்னால் ஒட்டு வந்தால் அதை மொத்தமாக ஒரே சொல்லாக எழுதிக்கொள். ‘மழை செட் இன்’ என்றால் மழை பிடித்துக்கொண்டது; ‘செட் ஆஃப்’ என்றால் கிளம்புவது, சில இடத்தில் வெடிக்கச் செய்வது.

விவசாயி, தென்காசிப் பக்கம்

டீச்சர், பம்புசெட்டை எல்லாரும் விட்டுட்டீங்களே. மோட்டாரும் பம்பும் சேர்ந்ததுக்குத்தான் அந்தப் பேரு வந்துச்சு. எங்க ஊர்ல அது ஒரு இடம். “பம்புசெட்டுக்குப் போறேன்”னா குளிக்கப் போறான், இல்ல தண்ணி பாய்ச்சப் போறான். நாங்க பழைய மோட்டாரைக் கழட்டிட்டு ஆழ்துளையில நீர்மூழ்கி மோட்டார் இறக்கியாச்சு. ரூமுல ஸ்டார்ட்டர் பெட்டி மட்டுந்தான் இருக்கு. இப்பவும் அது பம்புசெட்டுதான். இதையும் பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க.