மடித்தலைக் குறித்த லத்தீன் வினை வருகையும் புறப்பாடும் ஆனது எப்படி?

மரக்கலம்:
லத்தீனில் ‘ப்ளிக்காரே’ என்றால் மடித்தல். அதிலிருந்து வந்த ‘யெகார்’ ஸ்பானிய மொழியில் வந்து சேர்வதைக் குறிக்கிறது. போர்த்துகீசிய ‘ஷெகார்’ என்பதற்கும் அதே பொருள். ருமேனிய ‘ப்ளெக்கா’வுக்கோ புறப்பட்டுப் போதல் என்று பொருள். இத்தாலிய ‘பியெகாரே’யும் பிரெஞ்சு ‘ப்ளியே’யுமோ இன்றும் துணியையும் காகிதத்தையும் மடித்துக்கொண்டிருக்கின்றன. நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கத்தையே நான் ஏற்கிறேன். ஸ்பெயினும் போர்ச்சுகலும் அமைந்த, கடல் சூழ்ந்த ஐபீரியாவில் கப்பல் கரையை அடைந்ததும் பாய்களை மடித்ததால் மடித்தல் வருகையாயிற்று. கி.பி. 106இல் ரோமப் பேரரசர் திராயான் வென்று முடித்த டேசியாவில் (இன்றைய ருமேனியப் பகுதி) படைவீரர்கள் கூடாரத்தை மடித்துக்கொண்டு கிளம்பியதால் அதே சொல் புறப்பாடாயிற்று.

சொல்வேர்:
ஐயா, கதை இவ்வளவு அழகாக இருப்பதுதான் எனக்கு ஐயத்தைத் தருகிறது. ஒலிமாற்றத்தில் நமக்குள் வழக்கு இல்லை: அழுதலைக் குறித்த ‘ப்ளோராரே’ ஸ்பானியத்தில் ‘யோரார்’ என்றும் போர்த்துகீசியத்தில் ‘ஷோரார்’ என்றும் ஆனது போலவே இங்கும் முதலொலி மாறியது, நடுவிலிருந்த ககரம் ‘பக்கம்’ என்பதன் ஒலியிலிருந்து ‘பகல்’ என்பதன் ஒலிக்கு மெலிந்தது. பொருளில்தான் எனக்கு மறுப்பு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் கீழைநாடுகளுக்குப் புனிதப் பயணம் போன ஏஜீரியா என்ற பெண்மணியின் குறிப்புகள் 1884இல் இத்தாலியின் அரெட்சோ நகரில் கிடைத்தன. பாரசீகப் படை எடெஸ்ஸா நகரை நெருங்கி மூன்று மைல் தொலைவுக்கு வந்ததைச் சொல்லும் இடத்தில் அவர் எழுதும் வினை இதே ‘ப்ளிக்காரே’தான். எடெஸ்ஸா இன்றைய துருக்கியின் தென்கிழக்கில், கடலிலிருந்து விலகி இருக்கும் உள்நாட்டு ஊர். அங்கே பாய்மரமும் இல்லை, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு யாரும் திரும்பவும் இல்லை.

மரக்கலம்:
அந்தச் சான்று என்னை அசைக்கவில்லை. அவருக்கு முன்பே, செவ்வியல் லத்தீனில், கப்பலைக் கரைக்குக் கொண்டுவருவதற்கு ‘அப்ளிக்காரே’ என்ற முன்னொட்டு வடிவம் வழங்கியிருக்கிறது. மாலுமியின் சொல் நிலத்துக்கு ஏறி வருவதில் என்ன வியப்பு? கடலையே பார்த்திராத தகப்பனார்கூட மகளுக்குத் திருமணம் முடிந்ததும் ‘ஒருவழியாகக் கரைசேர்த்துவிட்டேன்’ என்றுதானே சொல்கிறார்.

சொல்வேர்:
கரைசேர்த்தல் நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அது எனக்கே உதவுகிறது, ஏனென்றால் அதில் சேர்த்தல்தான் இருக்கிறது, பாய் இல்லை. ‘அப்ளிக்காரே’யும் ஒன்றை இன்னொன்றின்மேல் சாய்த்துப் பொருத்துவதுதான். காலியாவில், அதாவது இன்றைய பிரான்ஸ் பகுதியில், நடந்த போரைப் பற்றிய குறிப்புகளின் ஆறாம் நூலில், முழங்கால் மூட்டு இல்லாத ஒருவகை மான்கள் மரத்தில் சாய்ந்தபடியே உறங்கும் என்று சீசர் எழுதுகிறார் (மூட்டில்லாத மானை அவருக்கு யார் காட்டினார்களோ!). அங்கே அவர் கையாளும் வினையும் ‘அப்ளிக்காரே’தான். மரத்தின்மேல் மான் சாய்கிறது, கரையின்மேல் கப்பல் சாய்கிறது.

பாரதப்புழை:
இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பாலக்காட்டு வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்கும். மலையாளத்தில் ‘மடங்ஙுக’ என்றால் திரும்பிப் போதல் அல்லது வருதல். தமிழில் மடங்குதல் மடிந்து வளைதல், ஆனாலும் நம் அகராதிகள் அதற்குத் திரும்புதல் என்ற பொருளையும் தருகின்றன. சந்தைக்குப் போன பாட்டி ‘மடங்ஙி’ வரும்போது எந்தத் துணியையும் மடித்துவிட்டு வரவில்லை. மடங்கியது அவர் போன வழி.

மரக்கலம்:
பாயைச் சுருட்டி வைத்துவிடுகிறேன். கூடாரத்தை மட்டும் விடமாட்டேன். திரும்புதலில் வளைவு உண்டு, ‘மடங்ஙுக’ அதற்குப் பொருந்தும். புறப்படுதலில் என்ன வளைகிறது? பார்சிலோனாவில் மாலையில் வேலையை முடித்துக்கொண்டு எழுந்திருப்பதற்குக் காட்டலான் மொழியில் சொல்வதும் இதே வேரிலிருந்து வந்த ‘ப்ளெகார்’ என்ற வினைதான். கடையைக் கட்டுவது போன்ற ஒன்றல்லவா அது? அங்கே மடிக்கப்படுவது பொருளே தவிர வழியன்று.

சொல்வேர்:
காட்டலானை உங்களுக்கே விட்டுத் தருகிறேன். அங்கே ‘ப்ளெகார்’ இன்றும் துணி மடிப்பதற்கும் வழங்குவதால் இணைப்பு கண்ணெதிரே இருக்கிறது. ருமேனிய ‘ப்ளெக்கா’வுக்கோ புறப்படுதலுக்கு அருகில் நிற்கும் பொருள் தலையைத் தாழ்த்துதல், அதாவது சாய்தல், ஆகவே ஒரு திசைக்குச் சாய்ந்தவன் அந்தத் திசையில் கிளம்பினான் என்று கொள்வதே எனக்கு நேராகப் படுகிறது. மடித்தலை அந்தச் சொல் அடியோடு இழந்துவிட்டது. நாற்காலியையோ காகிதத்தையோ மடிக்க வேண்டுமானால் ருமேனியர் ‘ப்ளியா’ என்கிறார்கள். அது பிரெஞ்சு ‘ப்ளியே’யிலிருந்து பின்னாளில் வாங்கிய கடன்.