எக்ஸ்மோடம் வழியாக வரும் கோப்பு 2048 பைட்டுடன் நின்றுவிடுகிறது

கல்லடிவாசி:
வணக்கம். மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எஸ்டி அட்டையில் பதியும் கருவி ஒன்றை ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் செய்திருக்கிறேன். முகத்துவாரம் வெட்டப்படும் நாட்களில் நீர் எவ்வளவு விரைவாக வடிகிறது என்று அறிவதே நோக்கம். ஒரு நாட்கோப்பில் 144 வரிகள், வரிக்கு 20 பைட். அதை சீரியல் இணைப்பில், நொடிக்கு 115200 பிட் வேகத்தில், கோப்பை 128 பைட் தொகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் பெற்று அனுப்பும் எக்ஸ்மோடம் முறையில் லினக்ஸ் மடிக்கணினிக்கு எடுக்கிறேன். வாங்கும் பைதன் நிரலும் நான் எழுதியதே. அரைநாள் கோப்பு பெரும்பாலும் வந்துவிடுகிறது. முழுநாள் கோப்போ 2048 பைட் வந்ததும், 17ஆம் தொகுதி திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டு முறிந்துவிடுகிறது. ஊனோவின் நினைவகமும் 2048 பைட்தான் என்பதால் அது நிரம்பிவிடுகிறதோ என்று ஐயுறுகிறேன்.

கல்முனைத் தம்பி:
வேகத்தைக் குறைத்துப் பாருங்கள் அண்ணா. ஊனோவின் 16 மெகாஹேர்ட்ஸ் கடிகாரப் படிகத்தில் 115200 துல்லியமாக அமையாது, ஏறத்தாழ 2.1 சதவீதம் விலகும். 38400 இல் விலகல் 0.2 சதவீதமே.

கல்லடிவாசி:
38400, 9600 இரண்டிலும் பார்த்தேன் தம்பி, கம்பியையும் மாற்றினேன். அதே 17.

ஏறாவூரான்:
வேகமோ கம்பியோ காரணமென்றால் முறியும் இடம் ஒவ்வொரு முறையும் மாறியிருக்கும். நினைவகமும் அன்று; ஒரு தொகுதிக்கு ஒப்புதல் வந்ததும் அதே 128 பைட் இடத்தில்தானே அடுத்ததை ஏற்றுகிறீர்கள்? எனக்கு அந்த 17 மீதுதான் சந்தேகம். எக்ஸ்மோடம் தொகுதியின் முதல் பைட் 1, இரண்டாவது தொகுதி எண், மூன்றாவது அந்த எண்ணை 255 இலிருந்து கழித்தது. ஆகவே 17ஆம் தொகுதியின் இரண்டாவது பைட் 17. ஆஸ்கி எழுத்துக் குறியீட்டில் 17 என்பது எக்ஸ்ஆன் (அனுப்புவதைத் தொடர்), 19 எக்ஸ்ஆஃப் (அனுப்புவதை நிறுத்து). போர்ட்டைத் திறக்கும் வரியில் இந்தக் குறிகளால் தரவோட்டத்தை ஆளும் மென்பொருள் ஓட்டக் கட்டுப்பாடு இயக்கப்பட்டிருந்தால், லினக்ஸ் இவ்விரண்டையும் நிரலுக்குத் தராமல் தானே விழுங்கிவிடும்; 132 பைட் வரவேண்டிய இடத்தில் 131 வரும், எத்தனை முறை அனுப்பினாலும் அதே குறைதான். சிறிய கோப்பு எப்போதாவது முறிவதும் இதனால்தான் இருக்கும், தொகுதியின் கடைசியில் வரும் சரிபார்ப்பு பைட்டான செக்சம் 17 அல்லது 19 ஆக அமைந்துவிட்டால் அதுவும் காணாமற்போகும்.

கல்லடிவாசி:
அதேதான். வேறொரு நிரலிலிருந்து படியெடுத்த வரியில் அது இயக்கத்திலேயே கிடந்தது. அணைத்தேன், 115200 இலேயே முழுநாள் கோப்பும் வந்துவிட்டது. ஆனால் 2880 பைட் கோப்பு 2944 ஆக இருக்கிறது. கடைசி 64 பைட்டும் 26.

ஏறாவூரான்:
அது பிழையன்று. எக்ஸ்மோடம் கோப்பின் அளவைச் சொல்வதில்லை, 23ஆம் தொகுதியின் மிச்ச இடத்தை 26 இட்டு நிரப்புகிறது. உங்களுடையது வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் இறுதியிலுள்ள 26களை நிரலிலேயே வெட்டிவிடலாம்.