முதுநிலை வேளாண்மைப் படிப்பில் மறக்க முடியாத ஒரு சந்திப்பு: உங்கள் அனுபவம்?

நாற்றங்கால்:
பயிர் இனப்பெருக்கத்தில் முதுநிலை ஆய்வுக்காக நெல்லில் கலப்பு செய்துகொண்டிருந்தேன். மாலையில் பூக்களின் நுனியைக் கத்தரித்து, ஆறு மகரந்தப் பைகளையும் நீக்கி, கதிருக்கு உறை மாட்டி, மறுநாள் பூ விரியும் நேரத்தில் ஆண் கதிரைத் தட்டும் வேலையின் அலுப்பு இங்குள்ள பலருக்கும் தெரியும். பண்ணைக்குத் தினக்கூலியாக வந்த அக்கா ஒருவர், சில நாள் கழித்து உறையை விலக்கி, கதிரை வெயிலுக்கு எதிரே பிடித்து, கத்தரித்த உமிக்குள் சூல் பருத்திருக்கிறதா என்று வெறுங்கண்ணாலேயே பார்த்து, "இது புடிச்சிருச்சு, இது பதருங்க தம்பி" என்று பிரித்துச் சொல்லிக்கொண்டே போவார். அறுவடையில் அவர் சொன்னவை பெரும்பாலும் சரியாகவே இருந்தன. ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயரையும் எழுதியிருந்தேன். வழிகாட்டி அந்த ஒரு வரியை மட்டும் பென்சிலால் அடித்து, "கூலி கொடுத்தோமே" என்றார். அச்சான பிரதியில் துணைவேந்தர் முதல் தட்டச்சு செய்தவர் வரை எல்லோரும் இருக்கிறார்கள்.

வண்டல்:
நன்றியுரையை யாரும் படிப்பதில்லை என்பதால் அதில் பெயர் விடுபட்டதை இவ்வளவு பெரிதாக எண்ண வேண்டியதில்லை என்பது என் கருத்து. என்னுடையது உழவியல். தழைச்சத்து அளவுகளை ஒப்பிடும் சோதனையை ஒரு விவசாயியின் வயலில் போட்டிருந்தோம். தழைச்சத்தே இடாத பாத்திகள் எதிர்பார்த்தபடி வெளிறி நின்றன. அடுத்த முறை சென்றபோது அவற்றில் ஒன்று மட்டும் பச்சை கட்டியிருந்தது. விசாரித்ததும் நிலத்துக்காரரின் தாயார் மறைக்காமல் சொன்னார்: "பசியில நிக்கிற பயிரைப் பாத்துக்கிட்டு சும்மா போகச் சொல்றியா? ரெண்டு கை யூரியாதான் வீசுனேன்." மூன்று ரெப்ளிகேஷன்களில் (அதே சோதனையைத் திரும்பப் போடும் தொகுதிகளில்) ஒன்று அதோடு போயிற்று. இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையை அறியும் இலை வண்ண அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்ற எனக்கு அவரிடம் சொல்ல ஒரு பதிலும் வாயில் வரவில்லை.

பழைய மாணவன்:
வண்டல் சொல்வதை ஏற்க இயலவில்லை. விவசாயியின் வயலில் சோதனை போடுகிறவர், விளைச்சல் குறையும் பாத்திகளுக்கு ஈடாக என்ன தருவோம் என்பதை நடவுக்கு முன்பே பேசியிருக்க வேண்டும். அந்த அம்மாள் செய்ததில் பிழையில்லை. தஞ்சைப் பக்கம் ஆடுதுறை 43 நெல் ரகம் நின்ற வயலில் எக்டேருக்கு இத்தனை கிலோ என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, பெரியவர் ஒருவர் "வைக்கோல் எவ்வளவு விழும்?" என்று மட்டும் கேட்டார், என் அட்டவணையில் தூர் எண்ணிக்கை, கதிர் நீளம், ஆயிரம் மணி எடை எல்லாம் இருந்தன, வைக்கோல் இல்லை.

இனிச் சேரப்போகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஐசிஏஆர் (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) முதுநிலை நுழைவுத் தேர்வில் நல்ல இடம் கிடைத்தால் உதவித்தொகையோடு வேறு மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் சேரலாம் என்பதால், இளநிலை மூன்றாம் ஆண்டிலேயே படிக்கத் தொடங்குங்கள். படிப்பு நான்கே பருவம். தலைப்பு முடிவாவது தாமதமாகி ஒரு சம்பா தவறினால் அடுத்த சம்பாவுக்கு ஓராண்டு காத்திருக்க நேரும். களக் குறிப்பேட்டைப் பென்சிலால் எழுதுங்கள், பனியில் மை கரையும். வரப்போரச் செடி வெளிச்சம் கூடுதலாகப் பெற்று அதிகம் தூர் கட்டி ஏமாற்றும் என்பதால் மாதிரியை உள்ளிருந்தே எடுங்கள். கதிர் வரும் முன்பே தஞ்சாவூர்க் கிட்டி (எலி பிடிக்கும் மூங்கில் பொறி) வைத்துவிடுங்கள். எலி ரெப்ளிகேஷன் பார்த்துக் கடிப்பதில்லை.

வண்டல்:
ஈட்டுத்தொகையை நடவுக்கு முன்பே பேசி, கொடுத்தும் ஆயிற்று ஐயா. அந்த அம்மாள் விளைச்சல் குறையுமே என்று யூரியா வீசவில்லை, அதைத்தான் எழுதியிருந்தேன்.