இலங்கைத் தேர்தல்: நம்ம நீலகிரி மலையில் பார்த்தது, கேட்டது

சேரம்பாடிப் பேரன்:
2024 செப்டம்பர் 21, இலங்கை ஜனாதிபதித் தேர்தல் நாள் ராத்திரி. அம்மாயி 1974-ல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர், அவர் தங்கச்சி அங்கேயே ஹட்டன் பக்கம் தங்கிவிட்டார். அன்றைக்கு வீடியோ காலில் சின்ன அம்மாயி இடது சுண்டுவிரலைக் காட்டினார், மை. அப்புறம் சாதாரணமாக, "பத்து மணியிலிருந்து ஊரடங்கு போட்டுட்டாங்க" என்றார். அம்மாயி முகம் செத்துவிட்டது. "ரிசல்ட்டுக்கு அப்புறம் அடிப்பாங்களாடி? கொழுந்துக்காட்டுக்குள்ள போய்ப் படுத்துக்க!"

அங்கே 1977 ஜூலைத் தேர்தல் முடிந்து அடுத்த மாதமே தமிழருக்கு எதிராகக் கலவரம். தங்கச்சி குழந்தையோடு தேயிலைச் செடிக்கு அடியில் கிடந்த கதை கடிதத்தில் வந்ததாம். இந்த முறை ஒன்றும் நடக்கவில்லை, முன்னெச்சரிக்கை ஊரடங்குதான். ஆனால் அம்மாயி விடியும்வரை போனைக் கையிலிருந்து இறக்கவில்லை. எனக்கு அதுதான் மறக்க மாட்டேன் என்கிறது.

குன்னூர் டாக்ஸி:
போன வருஷம் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரை ஏற்றினேன், வலிகாமம் வடக்காம். ஊட்டி போகும் வழி. ராணுவ முகாம் இருக்கிற வெலிங்டனில் சிப்பாய்கள் வரிசையாக ஓடிவந்தார்கள், நமக்குத் தினமும் பார்க்கிற காட்சி. அந்த அம்மா சட்டென்று கண்ணாடியை ஏற்றிவிட்டார். அருவங்காடு தாண்டித்தான் பேசினார். "தம்பி, இவையள் இருக்கிறது ஆற்றை காணி?" யாருடைய நிலம் என்று கேட்கிறார். அரசாங்க இடம்தான் என்றேன். "எங்கட காணியில இப்பவும் ஆமிக்காரர்தான் தோட்டம் செய்யினம்." போர் முடிந்தது 2009-ல். ஓட்டெல்லாம் ஒழுங்காகப் போடுகிறார்களாம். தேர்தல் நடந்தால் சமாதானம் வந்துவிட்டது என்று டிவியில் பேசுகிறவர்களை ஒரு நாள் என் வண்டியில் உட்கார வைக்க வேண்டும்.

பந்தலூர் பழையவன்:
டாக்ஸி அண்ணா, ஒழுங்காகத் தேர்தல் நடக்கிறது என்று யார் சொன்னது? 2013-ல் வடக்கு மாகாண சபையில் 38 இடத்தில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கிடைத்தது. 2018 அக்டோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றுகிறோம் என்று 2017-ல் சட்டம் போட்டார்கள், எல்லை நிர்ணய அறிக்கையை மறு வருஷம் நாடாளுமன்றத்திலேயே தோற்கடித்தார்கள். பழைய முறையும் போச்சு, புதிய முறையும் வரவில்லை. அப்புறம் வருஷக்கணக்கில் ஆளுநர் ஆட்சிதான்.

என் அனுபவம் சின்னது. கூடலூர் பஸ்ஸில் ஒரு பெரியவர் சொன்னார்: "1947-ல இலங்கையில நம்ம தோட்டத்து ஆளுங்க ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்புனாங்க, அதான் உரிமையைப் பறிச்சுட்டாங்க." மறு வருஷம் குடியுரிமை போனது, 1949-ல் ஓட்டு. ஒரு துப்பாக்கி வெடிக்கும் முன்னாலேயே!

சேரம்பாடித் தம்பிக்கு ஒன்று. அம்மாயியின் பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை எல்லாம் பத்திரமா? லேமினேட் செய்துவிடாதீர்கள், மை ஒட்டிக்கொள்ளும். இரண்டு செட் நகல் எடுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். இங்கே மழைக்கு டிரங்குப் பெட்டி ஆகாது, பூஞ்சை பிடிக்கும். பெயர் எழுத்துப்பிழை இருந்தால் இப்போதே சரி செய்யுங்கள், பேரப்பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வாங்கும்போது அலைய வைப்பார்கள். பெட்டியில் வேப்பிலை போடுகிறார்கள், அதுவும் வேண்டாம், கறை பிடிக்கும்.

தேயிலைத்தூள்:
அண்ணே, அவர் பாட்டி கதை சொன்னார். நீங்கள் தாலுகா ஆபீஸே திறந்துவிட்டீர்கள்.

சேரம்பாடிப் பேரன்:
பரவாயில்லை, நேற்றே டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பூஞ்சைதான்.

ஒன்று விட்டுப்போச்சு. நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தல், 225-ல் 159 இடம் ஜனாதிபதித் தேர்தலில் வென்ற அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்திக்கு, யாழ்ப்பாணத்திலும் அவர்கள்தான் முதல். அம்மாயிக்கு அதெல்லாம் கேட்கப் பொறுமையில்லை. அன்று சின்ன அம்மாயி காட்டியது ஆள்காட்டி விரல், சுண்டுவிரலில் செப்டம்பர் மை இருந்ததால் அங்கே மாற்றி வைத்தார்களாம். அம்மாயி தன் விரலைப் பக்கத்தில் நீட்டிப் பார்த்துவிட்டு, "பாரேன், நம்ம விரலுக்கு வந்துட்டா" என்றார்.