லோட்டஸ் 49-க்கு 2கே கிளியர் தேவையா? (1/20, 1967 ஸான்ட்வோர்ட்)

பச்சைமஞ்சள்:
எப்ரோ கம்பெனியின் 1/20 (நிஜத்தில் இருபதில் ஒரு பங்கு) லோட்டஸ் 49 ஃபார்முலா ஒன் ரேஸ் கார் மாடல் கிட். 1967 ஜூன் 4, நெதர்லாந்தின் ஸான்ட்வோர்ட் பந்தயத்தில் ஜிம் கிளார்க் ஜெயித்த 5-ம் நம்பர் வண்டியாக முடிக்கணும். பாடி பிரைமர் வரை வந்தாச்சு. பச்சைக்கு டாமியா டிஎஸ்-9 ஸ்ப்ரே கேன் எடுத்து வச்சிருக்கேன். ரெண்டு கேள்வி. மஞ்சள் பட்டைக்கு டெக்கலா (தண்ணியில நனைச்சு ஒட்டுற ஸ்டிக்கர்), பெயின்டா? மேலே பூசுற நிறமில்லாத கிளியர் கோட்டுக்கு 2கே யூரித்தேன் கிளியரா (ஹார்டனர் கலந்து இறுக வைப்பது), சாதா லாக்கர் கிளியரா (தின்னர் ஆவியாகிக் காய்வது)?

கண்ணாடி_ஃபினிஷ்:
பட்டைக்கு பெயின்ட். பச்சை மேல மஞ்சள் டெக்கல் ஒட்டினா அடியில இருக்கிற பச்சை தெரிஞ்சு எலுமிச்சங்காய் நிறமாயிடும். மூக்கு ரெண்டு பக்கமும் வளையுது, டெக்கல் அங்கே சுருங்கும்.

கிளியருக்கு யோசிக்கவே வேண்டாம், 2கே. லாக்கர் கிளியர் வாரக்கணக்கில் சுண்டிக்கிட்டே இருக்கும். இன்னைக்கு பாலிஷ் போட்டு மட்டமாக்கின டெக்கல் ஓரம் அடுத்த மாசம் மறுபடி கோடாத் தெரியும். 2கே கெமிக்கலா இறுகுறதால அந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. டிஎஸ்-13 லாக்கர் கிளியரை டெக்கல் மேல ஈரமா அடிச்சா டெக்கலே நெளிஞ்சுடும்.

இருபதிலொன்று:
பட்டை விஷயத்தில் உடன்படுகிறேன். கிளியர் விஷயத்தில் கொஞ்சமும் இல்லை.

கணக்குப் போடுங்க. 2கே இரண்டு மூன்று ஈரக் கோட்டில் சுலபமாக 0.1 மி.மீ. தொடும். 1/20-ல் அது நிஜ வண்டியில் 2 மி.மீ. கனம். 49-ன் நடுப்பகுதி ('டப்') அலுமினியத் தகடு, ரிவெட் அடித்தது. அதன் மேல் இரண்டு மி.மீ. கண்ணாடி ஊற்றினால் ரேஸ் கார் இல்லை, பாகில் முக்கிய மிட்டாய். ரிவெட் தலை மூழ்கும், மூக்குக்கும் டப்புக்கும் நடுவே இருக்கும் இணைப்புக் கோடு பாதி அடைபடும்.

கண்ணாடி_ஃபினிஷ்:
சார், அது அடிக்கிறவர் கையைப் பொறுத்தது. ஒரு மூடுபனிக் கோட், 10 நிமிஷம் கழிச்சு ஒரே ஒரு ஈரக் கோட், அவ்வளவுதான். இணைப்புக் கோட்டை முன்னாடியே ஸ்கிரைபரால் (கீறுற ஊசி) ஒரு தடவை ஆழப்படுத்தி வச்சா அடைபடாது. அந்தக் காலத்து வண்டி மங்கலா இருந்ததா? ஸ்டார்ட் லைன் போட்டோ எதுலயும் பச்சை பளபளன்னுதான் இருக்கு.

இருபதிலொன்று:
பளபளப்பு வேறு, கனம் வேறு. நான் மேட் அடிக்கச் சொல்லவில்லை. லாக்கர் கிளியரை லெவலிங் தின்னரோடு 1:1.5 கலந்து, 0.3 மி.மீ. ஏர்பிரஷ் நாசிலில், 1.2 பார் காற்றில் மூன்று மெல்லிய கோட். கடைசிக் கோட்டில் தின்னர் இன்னும் கூட. அதுவே பளபளக்கும். கலர் போட்டோ பார்க்கும்போது இன்னொன்று: இன்றைக்கு மியூசியத்திலும் பழைய கார் பந்தயங்களிலும் காணும் வண்டிகள் பலமுறை புதிதாகப் பெயின்ட் ஆனவை. அவற்றின் பளபளப்பை 1967-க்கு அளவுகோலாக வைக்காதீர்கள்.

பச்சைமஞ்சள்:
பட்டையை எப்படி அடிக்கிறதுன்னு யாராவது வரிசையா சொல்லுங்க.

ஊசிமுனை:
மஞ்சளுக்கு மறைக்கும் சக்தி கம்மி, அதனால் அது முதலில். வெள்ளை பிரைமர். டிஎஸ் கேனை வடித்து ஜாடியில் எடுத்து, கேஸ் போக மூடியைத் தளர்த்தி ஒரு மணி நேரம் விடுங்க. உடனே கலக்கினால் நுரைத்துப் பொங்கும். மஞ்சள் மூன்று நான்கு மெல்லிய கோட். பட்டை வரும் இடத்தில் மட்டும் அடிக்காமல் மேல்பக்கம் முழுக்க அடிங்க. இல்லாவிட்டால் மஞ்சள் மேல் விழுந்த பச்சையும் வெள்ளை மேல் விழுந்த பச்சையும் இரண்டு நிறமாகத் தெரியும்.

ஒரு நாள் காய்ந்த பிறகு பட்டையின் ஓரத்துக்கு 2 மி.மீ. வினைல் டேப், நடுவில் சாதா மாஸ்கிங் டேப். மூக்கின் வளைவில் சாதா டேப் மடிந்து தூக்கும், வினைல்தான் வளையும். டேப் ஓரத்தில் மறுபடி மஞ்சளையே ஒரு தடவை தூவணும். கசிந்தால் மஞ்சள் கசியட்டும், பச்சை கசியாது. அப்புறம் பச்சை: இரண்டு மெல்லியது, ஒன்று ஈரம். அரை மணிக்குள் டேப்பை 180 டிகிரி பின்னோக்கி மடக்கி இழுத்துடுங்க. முழுசா காயவிட்டால் ஓரம் மதில் மாதிரி நிற்கும், சிலசமயம் பிய்ந்தும் வரும். மதில் நின்றால் கிளியருக்கு முன் 3000 கிரிட் எமரி பேப்பரால் தண்ணீரோடு தேய்ங்க.

மழைநாளில் லாக்கர் அடிக்கவேண்டாம். ஈரப்பதம் 80 சதவீதம் தாண்டினால் வெள்ளையாய்ப் பூக்கும். ரிடார்டர் (காய்வதைத் தாமதமாக்கும் திரவம்) சில சொட்டு சேர்த்தால் தப்பலாம், ஆனால் காய நேரமாகும், தூசி ஒட்டும்.

கண்ணாடி_ஃபினிஷ்:
அருமை. அந்த மதிலுக்குத்தான் 2கே வேணும்னு நான் சொல்றேன். மெல்லிய லாக்கரை மட்டமாக்கப் போய் விளிம்புல பச்சை தேய்ஞ்சு மஞ்சள் எட்டிப்பார்க்கும்.

இருபதிலொன்று:
விளிம்புக்கு டேப் ஒட்டிவிட்டு பாலிஷ் போட்டால் தேயாது. நீங்கள் சொல்லாமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன்: 2கே ஹார்டனரில் ஐசோசயனேட். தூசி மாஸ்க் போதாது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கையுறை, வெளியே காற்றைத் தள்ளும் பூத். ஏர்பிரஷ்ஷை உடனே கழுவாவிட்டால் நாசில் போச்சு. ஹார்டனர் விகிதத்தைக் கண்ணளவில் கலந்தால் நாட்கணக்கில் பிசுபிசுக்கும்; 0.01 கிராம் தராசு வேண்டும்.

கண்ணாடி_ஃபினிஷ்:
மாஸ்க் பத்தி நான் சொல்லியிருக்கணும், தப்புதான். ஆனா லாக்கர் தின்னருக்கும் அதே மாஸ்க் வேணும், அதை நீங்களும் சொல்லலை.

ஊசிமுனை:
இருவரும் ஒரு இடத்தை விட்டுட்டீங்க. 49-ல் டிஎஃப்வி என்ற எட்டு சிலிண்டர் இன்ஜின்தான் பின்பாதிச் சட்டம். டப்பின் பின்சுவரில் இன்ஜினை போல்ட் பண்ணி, பின் சஸ்பென்ஷன் பாரத்தை இன்ஜினும் கியர்பாக்ஸும் தாங்கும். பின்னால் வேறு பிரேமே கிடையாது. கிட்டிலும் அதே கதை. அந்தச் சேர்க்கை முகத்தில் பெயின்டும் கிளியரும் மேல்பக்கம் மட்டும் 0.1 மி.மீ. ஏறினால், சுமார் 20 மி.மீ. உயரச் சுவருக்கு, 38 மி.மீ. தள்ளியிருக்கும் பின் ஆக்ஸில் கிட்டத்தட்ட 0.2 மி.மீ. இறங்கும். ஒரு ஓரத்தில் மட்டும் ஏறினால் ஆக்ஸில் கோணலாகும். எந்தக் கிளியரானாலும் அந்த முகத்தை முதலிலேயே மாஸ்க் பண்ணுங்க. ஒட்டும்போது கண்ணாடித் தட்டின் மேல் நான்கு சக்கரமும் உட்கார வைத்து, பசை இறுகும் வரை கை எடுக்கக்கூடாது.

ரிவெட்டுக்கும் கணக்கு இருக்கு. சாதாரண 1/8 அங்குல பாப் ரிவெட்டின் தலை 6.35 மி.மீ.; 1/20-ல் 0.32. கடையில் வாங்கும் 0.5 ரிவெட் நிஜத்தில் 10 மி.மீ. தலை, சட்டைப் பொத்தான் மாதிரி. 0.3 கிடைக்காவிட்டால் கிட்டில் அச்சாகியிருப்பதையே விடுங்க.

பச்சைமஞ்சள்:
ஸ்பார்க் பிளக் வயருக்கு 0.5 மி.மீ. வாங்கியாச்சே!

இருபதிலொன்று:
அதை 1/12-க்கு வையுங்கள், அங்கே ஓரளவு பொருந்தும். நிஜ வயர் 7 மி.மீ., உங்களுக்கு 0.35 வேண்டும். எட்டு சிலிண்டருக்கு எட்டு வயர், இரண்டு பக்கமும் நான்கு நான்காக. கேம் கவரின் நடுப்பள்ளத்தில் 0.4 டிரில் பிட்டால் ஓட்டை, ஆழம் 1 மி.மீ. போதும். இன்டேக் குழல்களை ஒட்டும் முன்பே வயரை முடித்துவிடுங்கள், பிறகு இடுக்கி நுழையாது.

கண்ணாடி_ஃபினிஷ்:
கிளியரை ரெண்டு பிளாஸ்டிக் ஸ்பூன்ல அடிச்சுப் பாருங்க: ஒண்ணுல லாக்கர், ஒண்ணுல 2கே. ரெண்டுலயும் அதே பச்சை, அதே மஞ்சள், உபரி டெக்கல் ஒண்ணு. நாலு வாரம் கழிச்சு போட்டோ போடுங்க. டெக்கல் ஓரம் எதில் தெரியுதுன்னு பார்த்துடலாம்.

இருபதிலொன்று:
ஸ்பூனில் கத்தியால் ஒரு பேனல் கோடும் கீறிவிட்டு அடியுங்கள். அதையும் சேர்த்துப் பார்ப்போம்.